வெட்டையில் பட்ட வெடி

மகனுக்கு,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் படித்த டொச் மொழியில் எழுதினால் முதல் பக்கத்தை ஓட்டமாகப் பார்த்துவிட்டு உடனே எனக்குப் போன் எடுப்பாய். போனில் நீ "சரி அம்மா, விடுங்கோ" என்றால் நானும் விட்டுவிடுவேன். இரண்டு கிழமையாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்காமல் என்னை அழைக்காதே. இன்று புதன்கிழமை. இதை இன்றே தபாலில் போட்டால் நாளை உன் கையில் இருக்கும். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னர் உனக்கு இரண்டு நாள் கிடைக்கும்.

உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் எழுதப்போகிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சொன்னதையே சொல்கிறா என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்தபடி அது நடக்கவில்லை. அதற்காகத்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் படித்த கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று அந்தக் கிழமை தான் செய்த பிழையைத் தானே சொல்ல வேண்டும். அடி கிடையாது, தண்டனை கிடையாது. சொன்னதும் சிஸ்டர் தலையை ஆட்டுவார், நாங்கள் இருந்துவிடுவோம். நான் அதில் கெட்டிக்காரி. செபத்தின்போது யன்னலால் பார்த்தேன், மைப்பேனையைக் கழுவாமல் வைத்தேன் என்று சின்னச் சின்னப் பிழைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பேன். என் நேர்மையைப் பார்க்கும்படி சிஸ்டர் மற்றப் பிள்ளைகளிடம் சொல்லுவார். பெரிய பிழைகளை ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் சொன்னதில்லை. எழுபத்து நான்கு வயதுவரைக்கும் அந்தக் கெட்டித்தனம் எனக்கு உதவிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தக் கடிதத்திலும் முதலில் சின்னப் பிழைகள்தான் வரும். பொறுத்துக்கொள்.

உனக்கு ஒன்பது வயது. ஊஸ்டரில் நாங்கள் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கீழே இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்கு வீட்டுக்கு வீடு முறைநாள் இருந்தது. எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. நீ ஒரு வியாழக்கிழமை, அடுத்த வீட்டாரின் முறையில், சேறு பிடித்த பந்துச் சப்பாத்தை இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்டாய். வடிகுழாய் அடைத்து அறை முழுவதும் சேற்றுத்தண்ணீர் நின்றது. யார் செய்தது என்று கட்டடக் காவலாளர் தாள் ஒட்டியபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாக மேலே அவர் வீட்டுக்கு அனுப்பினேன். "போய் உன்ர வாயால சொல்லு. அம்மா வந்து சொன்னா அது அம்மாவின்ர பிழையாப் போகும்" என்றேன். நீ போய்ச் சொன்னாய். கையில் ஒரு சொக்கலேற்றோடு சிரித்துக்கொண்டு இறங்கி வந்தாய். பிழையைச் சொல்லப் போனவன் பரிசோடு திரும்பக் கூடாது என்று அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அப்பா அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. சொல்ல அனுப்பியது சரி. சொக்கலேற்றைப் பிடுங்கியது பிழை. உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு ஒருவர் அன்பாகக் கொடுத்ததை நான் குற்றமாக்கிவிட்டேன்.

இரண்டாவது, உன் தொழில். பள்ளிக்கூடம் முடித்து நீ காட்டு வேலை பழகப் போகிறேன் என்றபோது நான் மூன்று நாள் சமைக்கவில்லை. அப்பா முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்று உழைத்தவர். "மரம் வெட்டுறது களவோ? விடப்பா, அவன் வெளிக்காத்தில நிண்டு உழைக்கட்டும்" என்றார். நான் விட்டேன். ஆனால் ஆட்களுக்குச் சொல்லவில்லை. டீட்டிகோனிலிருந்து தமிழ்ப் பூசைக்கு வரும் ஜெயசீலி அக்கா, "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டபோது, "கன்ரோன் அரசாங்கத்தில, சுற்றாடல் பகுதி" என்றேன். "ஒபிசிலயோ?" என்றா. "ஓம்" என்றேன். நீ எனக்குப் பின்னால்தான் நின்றாய். உன் விரல் இடுக்கெல்லாம் மரப்பிசின் கறுப்பாகப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "அம்மா, நான் எந்த ஒபிசில வேலை செய்யிறன்? நாளைக்கு நேரத்துக்குப் போகோணும், விலாசம் தாங்கோ" என்று கேட்டாய். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன், ஆனால் பொய்யைத் திருத்தவில்லை. பதினைந்து வருடமாக நீ அந்த ஒபிசில்தான் இருக்கிறாய். இந்த ஞாயிறு ஜெயசீலி அக்காவிடம் நீ காட்டில் மரம் வெட்டி மரம் நடுகிறவன் என்று சொல்லிவிடுவேன்.

இனிப் பெரியதைச் சொல்லுகிறேன்.

உன் கிராமத்துக்கு மேலேயுள்ள அந்தச் சரிவில் பட்டைக்குள் வண்டு விழுந்து ஊசியிலை மரங்கள் செத்துப்போயின. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னர் நீயும் உன் ஆட்களும் முழுச் சரிவையும் வெட்டினீர்கள். முதன்முதலில் நீ என்னைக் கூட்டிப்போய்க் காட்டியபோது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டை கட்டையாக, அங்கங்கே கிளைகளைக் குவித்துப் போட்டு, போர் நடந்த காணி மாதிரி இருந்தது. அடுத்த கோடையில் போனபோது அது வேறு இடம். வெயில் விழுந்ததும் மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் எழும்பியிருந்தது. முட்பற்றையும் காட்டுப் பழச்செடியும் இடுப்பளவுக்கு நின்றன. நடுவில் நீ நட்ட கன்றுகள் நின்றன. நுனியெல்லாம் கடிபட்டிருந்தது. "மான் வந்து திண்டுட்டுது அம்மா. இளங்குருத்து அதுகளுக்கு ஐஸ்கிறீம் மாதிரி. காடு நிண்ட காலத்தில இஞ்ச இவ்வளவு மான் வராது. நாங்கள் வெட்டி வெளியாக்கித்தான் கூப்பிட்டிருக்கிறம்" என்றாய். நாங்கள் ஊரில் இப்படிப்பட்ட வெளியை வெட்டை என்போம் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து நீயும் அதை வெட்டை என்றே சொல்லுகிறாய்.

மானைக் குறைக்காவிட்டால் கன்று ஒன்றும் தப்பாது என்பதற்காகத்தான் நீ வேட்டைப் பரீட்சை எடுத்தாய். இரவிரவாகப் படித்தாய். மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லவும், கொம்பில்லாத காலத்திலும் ஆண் பெண் பிரிக்கவும் பழகினாய். என்னை மேசைக்கு முன்னால் இருத்திக் கேள்வி கேட்க வைத்தாய். அதனால் அரைவாசி எனக்கும் பாடமானது. தாயும் குட்டியும் சேர்ந்து வந்தால் முதலில் குட்டியைச் சுட வேண்டும், தாயைச் சுட்டுக் குட்டியைத் தனியே விடக் கூடாது. வெடி வைத்ததும் ஓடிப்போய்த் தேடக் கூடாது, மான் நின்ற இடத்தில் ஒரு கொப்பை முறித்துக் குத்த வேண்டும், நாய் வந்தால் அங்கிருந்துதான் மணம் பிடிக்கும். வெடி பட்ட மான் எப்படி நிற்கும் என்பதும் எனக்குப் பாடம். நெஞ்சில் பட்டால் துள்ளிப் பாய்ந்து விழும். வயிற்றில் பட்டால் முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு மெதுவாகப் போகும். அது உடனே சாகாது. இதை நீ எனக்குச் சொன்னபோது, "அப்பிடிச் சுடாத" என்றேன். "ஒருத்தரும் வேணுமெண்டு சுடுறதில்லை அம்மா" என்றாய்.

போன ஐப்பசியில் அந்தக் காட்டு வேட்டைக் குழுவின் தலைவர் ஹெர் வெல்ட்டி, விருந்தாளியாக உனக்கு வெட்டையில் ஒரு மாலைப்பொழுது வேட்டையாட இடம் தந்தார். நானும் வருவேன் என்று நின்றேன். நீ வேண்டாம் என்றாய்.

"வேட்டைப் பரணுக்குப் பன்னிரண்டு படி அம்மா. என்னண்டு ஏறுவீங்கள்?"

"நான் ஏறுறன். நீ பின்னால நிண்டு பிடி."

"மேல ஏறினாப் பிறகு கதைக்கக் கூடாது."

"நான் பூசையில கதைக்கிறனானோ?"

"ஓம். ஜெயசீலி அக்காவோட."

ஏறினேன். முழங்கால் நொந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, விரல் மடித்து ஒரு செபமாலை முடித்தேன். பொழுது சாயத் தொடங்கியபோது கிளைக்குவியலுக்குப் பக்கத்தால் முதலில் குட்டி வந்தது, பின்னால் தாய். அந்த வருடத்துக் குட்டி, வளர்ந்திருந்தது. ஒரு பெரிய அடிக்கட்டைக்கு அருகே நின்று நீ நட்ட கன்றில் வாய் வைத்தது. நீ துவக்கை எடுத்தாய். நீ மூச்சை விட்டு நிறுத்தியது எனக்குக் கேட்டது.

வெடித்தது. தாய் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. குட்டி பாயவில்லை. பின்காலை ஒருமுறை உதைத்தது. பிறகு முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு, காலில் முள் குத்திய பிள்ளை மாதிரி, மெதுவாகக் குவியலுக்குப் பின்னால் போனது. நான் அதைப் பார்த்தேன். எனக்கு இன்றைக்கும் தூரப்பார்வைக்குக் கண்ணாடி தேவையில்லை. நன்றாகப் பார்த்தேன்.

"அம்மா, பட்டதோ? எனக்கு நெருப்பு மட்டுந்தான் தெரிஞ்சது."

"இல்லை. படேல்ல."

"முதுகை வளைச்சு ஏதும் நிண்டதோ?"

"சொல்லுறன் எல்லோ. தாயோட சேர்ந்து துள்ளி ஓடினது."

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். அந்த ஒரு கணத்தில் என் கண்ணுக்கு முன்னால் குட்டி இருக்கவில்லை. வெல்ட்டியின் முகம் இருந்தது. நாயைக் கொண்டு வருவார்கள், நாலைந்து பேர் வருவார்கள், முதல் மாலையிலேயே வயிற்றில் சுட்டுவிட்டான் தமிழன் என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். என் பிள்ளை அரைகுறையாக ஒன்றைச் செய்து நான்கு பேர் பார்க்க நிற்பதை என்னால் தாங்க முடியாது. இதில் உன்னைக் காப்பாற்றும் அன்பு கொஞ்சம் இருந்திருக்கும். அதைவிடக் கூடுதலாக இருந்தது என் பெருமைதான்.

நீ இறங்கிப்போய் அந்தக் கட்டையடியில் ஒரு கொப்பை முறித்துக் குத்தினாய். டோச் லைற் அடித்து இரத்தம் தேடினாய், மயிர் தேடினாய். மழை தூறத் தொடங்கியது. ஒன்றும் கிடைக்கவில்லை. இது வயிற்று வெடியில் நடக்கக்கூடியது என்று உன் புத்தகத்திலேயே இருந்தது. நான்தான் உனக்கு அதை வாசித்துக் காட்டினேன். நீ பரணடியில் நின்று வெல்ட்டிக்குப் போன் எடுத்தாய். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நாய்க்காரர் அன்று வேறிடத்தில் நின்றார், சந்தேகம் இருந்தால் விடியத் தேடலாம் என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "இல்லை, தவறிவிட்டது, என் அம்மா பார்த்தா, அவவுக்குக் கண் நல்லம்" என்றாய். "உன் அம்மா பார்த்திருந்தால் சரி" என்றார். நீ திரும்பிப்போய் அந்தக் கொப்பைப் பிடுங்கிப் பற்றைக்குள் எறிந்தாய். அது எனக்கு மறக்கவில்லை.

அடுத்த நாள் மாலை ஹெர் ஹுபர் வெட்டையின் கீழ்ப்பக்கத்துப் பரணில் இருந்தார். குழுவில் வயதில் மூத்தவர். ஒரு தாய்மான் தனியே வந்து நின்றது என்றும், சுட்டுத் தவறிவிட்டது என்றும் அறிவித்தார். ஐந்து நாள் கழித்து, காளான் பொறுக்கப் போன ஒருவர் கிளைக்குவியலுக்குள் செத்துக் கிடந்த குட்டியைக் கண்டார். நரி தின்றதுபோக வயிற்று வெடி என்று தெரியக்கூடிய அளவு மிச்சம் இருந்தது. வெட்டையில் சுட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் இளம் ஆள், பக்கத்தில் பார்த்த சாட்சியும் இருந்தது. மற்றவர் எழுபத்தெட்டு வயதுக்காரர், தனியாக இருந்தவர். தாய்மானுக்கு முன்னால் நின்ற குட்டி அவருக்குத் தெரியாமல் அவருடைய வெடி அதில் பட்டிருக்கும் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தாய்மான் ஏன் தனியே வந்து நின்றது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அது குட்டியைத் தேடி வந்திருக்கிறது. நான் யோசித்தேன். வாய் திறக்கவில்லை.

நீ என்னிடம் வந்து, "ஹுபர்ட வெடிதான் அம்மா. வயசாளி ஒத்துக்கொள்ளுறாரில்லை" என்று வேகமாகச் சொன்னாய். நீ ஆறுதலாகக் கதைக்கிற பிள்ளை. வேகமாகக் கதைத்தால் எனக்குத் தெரியும். நீ என் பேச்சை நம்பினாய் என்பது உண்மை. ஆனால் முழுவதும் நம்பினாயா? நம்பியிருந்தால் குட்டி கிடைக்கும் முன்னர் வேலை முடிந்த பின்னும் மூன்று தரம் ஏன் அந்தக் குவியலைச் சுற்றிப் பார்த்தாய்? அந்த நாட்களில் உன் வீட்டில் தங்கியிருந்த நான் உன் சப்பாத்துச் சேற்றை வாசலில் கண்டுதான் கேட்டேன். "கன்று பார்க்கப் போனனான்" என்றாய். இருவரும் ஒரே பொய்யின் இரண்டு பக்கத்திலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். என் பக்கம்தான் பாரம் கூட. ஆனால் உன் கையும் அதில் இருந்தது.

ஹுபர் தானாக விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். எட்டுப் பேர் குத்தகைக்கு எடுத்த காடு அது. ஒருவர் போனால்தான் இன்னொருவர் வரலாம். இந்தச் சனிக்கிழமை நீ ஒப்பமிடப்போவது அந்த இடத்துக்கு. உன் பெயர் வந்ததும் நான் எவ்வளவு துள்ளினேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் குழுவில் முதல் தமிழன் என்று கனடாவிலுள்ள சித்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன். வெல்ட்டியின் மனைவியிடம் கூட்டத்துக்கு அறுபது றோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டேன். அந்த மகிழ்ச்சிக்குள் ஹுபர் எனக்கு ஒரு ஆளாகவே தெரியவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னர் உன்னைப் பார்க்க வரும்போது பேருந்தில் அவர் ஏறினார். பச்சைத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்தார். நீங்கள் காரில்தானே போகிறவர் என்று கேட்டேன். சாரதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார். கண் வைத்தியர் பிழை ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால், "முன்னால் நின்ற ஒரு குட்டி தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தடியால் எப்படி ஓட்டுவது? சத்தியம் பண்ணியிருப்பேன், அங்கே தாய் மட்டும்தான் நின்றது என்று. அவ்வளவு நிச்சயமாக இருந்து அது பிழையென்றால் எனக்கு வேறு எதில் நிச்சயம்?" என்றார். பிறகு, "உங்கள் மகன் நல்ல வேலைக்காரன். என் இடம் அவனுக்குப் போவது நல்லது" என்று சொல்லி என் கையைக் குலுக்கி இறங்கிப் போனார். நான் அப்போதும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை.

எனக்கும் அவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். இந்த வயதில் ஒவ்வொன்றாகப் போகும். முழங்கால் போகும், பெயர்கள் போகும், நித்திரை போகும். போகாமல் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறோம். ஒரு மனிதனுக்குப் போகாத கண்ணைப் போய்விட்டது என்று நம்ப வைத்தது என் வாய். அன்றிலிருந்து நான் வாசிக்க எடுத்த செபப் புத்தகத்தை மூடி மூடி வைத்தேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்டுப் போயிருந்தால் நீ கூட வந்திருப்பாய், மொழிபெயர்த்திருப்பாய், எனக்காகக் கொஞ்சம் மெதுவாக்கியும் சொல்லியிருப்பாய். சின்ன வயதிலிருந்து எல்லா அலுவலகத்திலும் அதைத்தானே செய்தாய். இதற்கு மொழிபெயர்ப்பாளர் கூடாது என்று தனியாகப் போனேன். சமையலறையில் இருத்திக் கோப்பி வைத்தார். நான் கோப்பியைத் தொடாமல் சொன்னேன். குட்டி முதலில் வந்தது, என் மகன் சுட்டான், பட்டது, நான் படவில்லை என்றேன், அவன் என்னை நம்பினான் என்றேன். அவர் கோபப்படவில்லை. வேட்டைக்காரர் கேட்கும் கேள்வியைக் கேட்டார். வெடிக்குப் பிறகு அது எப்படி நின்றது என்றார். அதற்குரிய டொச் சொல் எனக்கு வரவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பி, சேலையோடு, அந்தச் சமையலறை நடுவில் முதுகைக் கூனி, ஒரு காலைப் பின்னுக்கு உதைத்து, இரண்டு எட்டு மெதுவாக நடந்து காட்டினேன். என் வாழ்க்கையில் ஒருவர் முன்னிலையிலும் அப்படி நின்றதில்லை.

அவர் தன் கோப்பியை மேசையில் வைத்தார். பிறகு, "அப்படியென்றால் என் கண் சரி" என்றார். அவ்வளவுதான். என்னை ஏசுவார், வெல்ட்டியை அழைப்பார் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் அலுமாரியைத் திறந்து பிஸ்கற் எடுத்து என் முன்னால் வைத்தார். உன் சொக்கலேற்று நினைவுக்கு வந்தது. சாப்பிட்டேன்.

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, இடத்தைக் காட்டுகிறீர்களா என்றார். இருவரும் பேருந்து ஏறிப்போய், மரம் இழுக்கும் பாதையால் நின்று நின்று நடந்தோம். ஒரு மணித்தியாலம் எடுத்தது. நீ நேற்றுப் பட்டறையில் இயந்திரம் திருத்திக்கொண்டு நின்றபடியால் எங்களைக் காணவில்லை. அந்தப் பெரிய அடிக்கட்டையை உடனே கண்டுபிடித்தேன். அவர் அங்கிருந்து குவியலுக்கு காலடி வைத்து எண்ணினார். நாற்பது. தன்னுடைய மான் நின்ற இடத்தையும் காட்டினார். அது சரிவின் மற்ற முனையில், ஓடைப் பக்கம். அங்கே வயிற்றில் பட்ட குட்டி இவ்வளவு மேலே ஏறி வந்திருக்காது என்றார். இதை அன்றே சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் ஒருவன் சொன்னால் கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள்" என்றார்.

சனிக்கிழமை வரைக்கும் தான் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். "உங்கள் மகன் தானாகச் சொல்வானா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தாய்க்குத் தெரியாதா என்றார். என் பிள்ளை என்றபடியால்தான் தெரியாது என்றேன். அதற்கு முதன்முதலாகச் சிரித்தார்.

என் புத்திமதி இதுதான். கூட்டம் தொடங்க முன்னர், ஒப்பத் தாளை நீட்ட முன்னர் எழும்பிச் சொல். என் தாய்க்கு வயதாகிவிட்டது, கண் பிழை விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லாதே. அது இன்னொரு ஹுபரை உண்டாக்கும். என் கண் பிழை விடவில்லை, வாய்தான் விட்டது. பட்டதை நான் மறைத்தேன் என்று சொல். சந்தேகம் இருந்தும் நாயைக் கேட்காமல் விட்டதை உன் பங்காகச் சொல். உன்னைச் சேர்க்காமல் விடக்கூடும். அப்படி விட்டால் நீ நட்ட கன்றுகளை வேறொருவர் காப்பார், நீ வேலைக்குப் போய் வா. நான் வாசலுக்கு வெளியே நிற்பேன், கூப்பிட்டால் வந்து என் வாயாலும் சொல்வேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். ஒன்பது வயதில் உன்னைத் தனியாக அனுப்பியவள் முப்பத்து நான்கு வயதில் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டேன். றோல்ஸ் அறுபதும் எப்படியும் செய்வேன். ஏற்றுக்கொண்ட வேலை. அவர்கள் சாப்பிட மனமில்லாமல் விட்டால் ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோவோம். திரும்பி வரும்போது யாரும் உனக்கு ஏதாவது அன்பாகத் தந்தால் வாங்கிக்கொண்டு வா.

இன்னுமொன்று. நாங்கள் வெட்டையை விட்டுத் திரும்பும் முன்னர் ஹுபர் ஓர் ஊசியிலைக் கொப்பை முறித்து என்னிடம் தந்தார். பார்த்தவர்தான் குத்த வேண்டும் என்றார். இத்தனை மாதத்துக்குப் பிறகு எந்த நாயும் அங்கே மணம் பிடிக்காது என்று இருவருக்கும் தெரியும். நான் குனிந்து கட்டையடியில் குத்திவிட்டு வந்தேன். அடுத்த தரம் வேலைக்குப் போகும்போது பார்ப்பாய். நீ நட்ட கன்றுகளுக்கு நடுவில் நீ நடாத ஒன்று நிற்கும். போன தடவை என் சொல்லைக் கேட்டுப் பிடுங்கினாய். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா